ஜி.எம். தொட்டி மாறிய ஞாயிற்றுக்கிழமை

2014 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. கணவருக்கு முதல் ஷிப்ட்; விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடங்களையும் குளியலறைத் தொட்டியையும் நிரப்பினேன். முந்தின நாள் மழையில் நனைந்த துணிகளை மறுபடி அலசிக் கொடியில் போட்டேன். முறுக்குக்கு மாவு சலித்து மூடி வைத்தேன். பின்பக்கத்துப் பலா மரத்தடியில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி ஓரமாகக் குவித்தேன். மழை விட்டு நல்ல வெயில் வந்திருந்தது. சுவரோரம் சாக்குப் போட்டு மூடியிருந்த கண்ணாடித் தொட்டியை மெல்ல இழுத்து, அந்த வெயிலில் வைத்தேன்.

இரண்டடி நீள மீன் தொட்டி அது. கம்பெனி டவுன்ஷிப்பில், எங்கள் வட்டத்தில் ஒரு குடும்பம் ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறது என்றால், லாரி வருவதற்கு முந்தைய வாரமே பொருள்கள் வீடு மாறத் தொடங்கிவிடும். கொடிக்கம்பி ஒரு வீட்டுக்கு, ரோஜாத் தொட்டிகள் ஒரு வீட்டுக்கு, துளசி மாடம் அடுத்து குடிவருகிறவர்களுக்கு. எங்கள் வரிசைக் கடைசி வீட்டுக்காரர் மே மாதம் கிளம்பியபோது எங்களுக்கு வந்தது இந்தத் தொட்டி. கூடவே காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் ஒன்று. தொட்டியின் நாலு பக்கமும் உள்ளே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில் விரல் அகலத்துக்குத் தடித்த வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினால் நகம்தான் உடைந்தது. கொடுத்தவரே வெட்கப்பட்டார். "கழுவினா போயிடும்னு நெனைக்கிறேன்" என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

ஐந்து மாதம் அது அப்படியே கிடந்தது. அக்டோபரில் நான் அதைத் தொட்டதற்குக் காரணம் என் மகள்.

அவள் அந்த ஆகஸ்டில்தான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள். ஒரே பெண். ஹாஸ்டல் அவளுக்கு ஒத்துவரவில்லை. முதல் வாரம் முழுக்க அழுகை. பிறகு அழுகை நின்று, "டி.சி. வாங்கிட்டு வந்துடறேம்மா, கடலூர்ல ஏதாவது காலேஜ்ல சேத்துடுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். தீபாவளிக்கு வா, நேரில் பேசி முடிவு செய்வோம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அந்த முடிவை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டிருந்தது. திரும்பிப் போ என்று வற்புறுத்தவும் பயம், வந்துவிடு என்று சொல்லவும் பயம்.

போனில் வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவள், ஒரு விஷயத்தை மட்டும் தானாகவே கேட்பாள். "ஜி.எம். சாப்பிட்டாரா?"

ஜி.எம். என்பது அவள் பத்தாம் வகுப்பில் மெயின் பஜாரில் வாங்கிவந்த தங்க மீன். வாங்கியபோது சுண்டுவிரல் அளவு. தின்று தின்று தொப்பை வைத்து, கம்பெனி ஜெனரல் மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் குடுவைக்குள் சுற்றிச் சுற்றி வரும். "வேல ஒண்ணும் செய்யறதில்ல, ரவுண்ட்ஸ் மட்டும் வருது, இது ஜி.எம்.தான்" என்று அவள் அப்பா ஒருநாள் சொன்னது அப்படியே பெயராக நின்றுவிட்டது. இரண்டு வருஷத்தில் அது உள்ளங்கை நீளம் வளர்ந்து, உருண்டைக் குடுவையில் திரும்பினால் வால் கண்ணாடியில் இடித்தது. ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று குடுவையின் முன்னால் நின்றுகொண்டு அவள் நகரவே இல்லை. "நீ இல்லன்னாலும் வீட்டுல எல்லாம் இதே மாதிரி இருக்கும், நான் பாத்துக்கறேன், போ" என்றேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் காரில் ஏறினாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான், அவள் வரும்போது ஜி.எம். பெரிய தொட்டியில், பளிங்கு போன்ற கண்ணாடிக்குப் பின்னால் நீந்த வேண்டும் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை அவள் வருகிறாள். இடையில் இருந்தது இந்த ஒரு ஞாயிறு.

தொட்டியை வெயிலில் வைத்து, ஒரு உருண்டை புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் அண்ணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். என் கணவரின் அக்கா. அனல்மின் நிலையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பு என்பது துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் குழாய்களுக்குள் படிந்து இறுகிவிடும். அந்தத் துளி உப்பைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவருடைய வேலை. முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எத்தனை வருஷம் டவுன்ஷிப்பில் இருந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை.

"ஏம்மா, இது என்னா குத்துவிளக்கா? புளியப் போட்டு தேச்சிக்கினு இருக்க?"

"வேற எதுல போகும் அண்ணி? சோடா மாவு போட்டேன், அசையல."

"சோடா மாவு போட்டா அது இன்னும் சந்தோசமா ஒக்காந்துக்கும். இதுக்கு புளிப்பும் வேணும், பொறுமயும் வேணும். ஒனக்கு மொதல்ல சொன்னது இருக்குது, ரெண்டாவது இல்ல. நவுரு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த வருஷங்களில், அவரைப் பார்த்துத்தான் அந்த நினைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். தொட்டியை ஒருபக்கமாகப் படுக்கவைத்தார். பழைய செய்தித்தாளைப் பட்டைபட்டையாகக் கிழித்து, வினிகரில் நனைத்து, கீழே படுத்திருந்த கண்ணாடியில் சுருக்கமில்லாமல் ஒட்டினார். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினார், காய்ந்துவிடாமல். காதைத் தொட்டிக்குள் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு என்னையும் கேட்கச் சொன்னார். சோடா பாட்டிலைத் திறந்து வைத்ததுபோல் மெல்லிய சத்தம்.

"கரையுது. சுண்ணாம்பு போற சத்தம். இப்ப கைய வெக்காத. போய் காப்பி போடு."

காப்பி குடித்துவிட்டு வந்து தாளை உரித்தபோது, வெள்ளை தயிராடையாக இளகியிருந்தது. காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றால் அதை வழித்தார். தடித்த கோட்டை மட்டும் பிளேடைக் கண்ணாடியோடு கண்ணாடியாகப் படுக்கவைத்துச் சீவினார். மூலையில் ஒட்டியிருக்கும் பசைக்குப் பக்கத்தில் பிளேடு போகவே இல்லை. "அத கீறிட்டா ஒன் வூடு முழுக்க ஏரி." ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம், மறுபடி தாள், வினிகர், காத்திருப்பு. அப்படி நாலு பக்கமும் முடிய மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பக்கத்தில் மட்டும் புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் எஞ்சியது. அதில் மட்டும் மூன்றாவது தடவையும் தாள் ஒட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இது சுண்ணாம்பு இல்ல, சிலிக்கா. எந்தப் புளிப்புக்கும் மசியாது. பாய்லர்ல எங்க உசுர எடுக்கறதும் இதான். இந்தப் பக்கத்த செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிரு, யாரு பாக்கப் போறா?"

எத்தனையோ தடவை அலசி, கையை முகர்ந்து பார்த்து, வினிகர் வாசனை அறவே போன பிறகுதான் தொட்டியை ஹாலில் மேசைமேல் ஏற்றினோம். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் அண்ணி தன் பெரிய ஏற்பாட்டைச் சொன்னார். தொட்டியைக் கழுவப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமையே மூன்று பெரிய கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் வராந்தாவில் வைத்திருந்தார். ஏதோ என்று நானும் கேட்கவில்லை. உப்பெல்லாம் எடுத்த தண்ணீர். டி.எம். தண்ணீர் என்பார்கள். சோதனைக்காக எந்நேரமும் திறந்திருக்கும் குழாயிலிருந்து சாக்கடைக்குப் போவதைப் பிடித்து, முறையாகக் கேட் பாஸ் எழுதி வாங்கி வந்திருந்தார். "எதுக்கு மேடம், கார் பேட்டரிக்கா?" என்று இன்சார்ஜ் கேட்டாராம். மீன் தொட்டிக்கு என்றதும், "மீனு குடுத்து வெச்சது" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம்.

"குழாத் தண்ணி ஊத்துனா ரெண்டே மாசத்துல பழையபடி வெள்ள ஏறிடும். இத ஊத்து. இதுல படியறதுக்கு ஒண்ணும் கெடையாது. ஒன் பொண்ணு கல்யாணம் வரைக்கும் கண்ணாடி இப்படியே இருக்கும்."

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. ஊரிலேயே சுத்தமான தண்ணீர். அதைவிட நல்லது ஒரு மீனுக்கு என்ன கொடுக்க முடியும்? குடுவைத் தண்ணீரோடு ஜி.எம்.மை ஒரு நீல வாளிக்கு மாற்றியிருந்தோம். மூன்று கேனையும் தொட்டியில் ஊற்றிவிட்டு, அண்ணி இரண்டு கையாலும் அதை அள்ளி உள்ளே விட்டார். புது இடத்தின் நீளத்தைக் கண்டு அது ஒரே பாய்ச்சலாகப் போய்த் திரும்பியது. நாங்கள் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் வந்த அதிகாரிகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் அப்படி ஓர் அழகான பொருள் அதுவரை இருந்ததில்லை.

முறுக்கு சுட ஆரம்பித்தோம். இரண்டாவது ஈடு எடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது ஜி.எம். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. விரலால் கண்ணாடியைத் தட்டினேன். நிமிர முயன்று, சுழன்று, மறுபடி சாய்ந்தது.

"அண்ணி."

எண்ணெய்க் கையோடு வந்தார். முதலில் அவர் சந்தேகப்பட்டது வினிகரை. தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஸ்கூட்டி டிக்கியிலிருந்து, புளிப்பைக் காட்டும் காகிதச் சுருளை எடுத்துவந்து நனைத்தும் பார்த்தார். கெமிஸ்டுகள் அதைச் சில்லறை போலக் கூடவே வைத்திருப்பார்கள் போல. வினிகர் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காற்றும் இருந்தது. காலிக் கேன்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"அய்யய்யோ. எடும்மா வாளிய. சீக்கிரம் எடு."

செடிக்கு ஊற்றலாம் என்று நீல வாளித் தண்ணீரை அப்படியே பின்கட்டில் வைத்திருந்தேன். கொண்டுவந்தேன். ஜி.எம்.மை அதில் திரும்ப விட்டார். தரையில் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தண்ணிக்கு இரும்புக் கொழாயே தாங்காது. உள்ள ரப்பர் வெச்ச பைப்லதான் நாங்க கொண்டுபோவோம். உப்பு இல்லாத தண்ணி, எங்க உப்பு கெடைக்கும்னு அலையும். இரும்பையே உறிஞ்சற தண்ணி மீன சும்மா வுடுமா? அது ஒடம்புல இருந்த உப்ப எல்லாம் இழுத்துக்கினு இருக்குது. இத்தினி வருசமா அந்தத் தண்ணியோட கெடக்கறேன். ஒரு மொடக்கு நான் குடிச்சதில்ல. இது மண்டையில ஒறைக்கல பாரு."

அண்ணிமேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பெரியதாக இருந்தது பயம். மீன் செத்துப்போனால் வேறு மீன் வாங்கலாம். ஆனால் எதுவும் மாறாது என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் விட்டுப்போனதில் ஒன்றே ஒன்றைத்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது வாளிக்குள் சாய்ந்து கிடக்க, அவள் பஸ் ஏறப் போகிறாள். நாளைக்கு வந்து இதைப் பார்த்தால், திரும்பிப் போ என்று எந்த வாயால் சொல்வேன்?

கணவர் ஷிப்ட் முடிந்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார். அக்காவின் முகத்தையும் பார்த்தார். "ஜி.எம்.முக்கே மெடிக்கல் லீவா?" என்றார். பிறகு அவரே போய் மோட்டாரைக் கழற்றி வாளிக்குள் பொருத்திவிட்டு, முறுக்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு மகள் பஸ்ஸில் உட்கார்ந்து போன் செய்தாள். ஏறிவிட்டேன் என்றாள். அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். ஜி.எம். எப்படி இருக்காரு? "நல்லாத்தான்..." என்று தொடங்கினேன். மிச்ச முறுக்கைச் சுட்டுக்கொண்டிருந்த அண்ணி எண்ணெய்க் கையோடே எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை பேசறேன். ஒன் ஜி.எம்.முக்கு ஒடம்பு முடியல. நான்தான் காரணம். தொட்டியக் கழுவி, எங்க பிளான்ட்டு தண்ணிய ஊத்திட்டேன். சாஞ்சிக்கினு இருக்குது. ஒங்கம்மா மேல எந்தத் தப்பும் கெடையாது. பொழைக்குமா பொழைக்காதான்னு எனக்குத் தெரியல. சொல்லாம இருக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

நான் அழுகைக்காகக் காத்திருந்தேன்.

"எந்தத் தண்ணி அத்தை? டி.எம். தண்ணியா?"

"ஆமா."

"முழுசாவா ஊத்துனீங்க?"

"முழுசாத்தான்."

"சுத்தம்" என்றாள் மகள். பிறகு கடகடவென்று கேள்விகள். இப்போது எதில் இருக்கிறது? பழைய தண்ணீரா? மோட்டார் போட்டிருக்கிறதா? "லைட்ட அணைச்சிடுங்க. சாப்பாடு போடாதீங்க. கல்லுப்பு கொஞ்சமா ஒரு டம்ளர்ல கரைச்சு, ஒரே தடவையா இல்லாம விட்டு விட்டு ஊத்துங்க. அம்மா, தொட்டில இருக்கற தண்ணிய எல்லாம் எடுத்துட்டு குழாத் தண்ணி ரொப்பி ராத்திரி அப்படியே வை. மீன மாத்தாத. நான் வந்து மாத்தறேன். நான் தண்ணி மாத்தும்போதெல்லாம் பாதி பழைய தண்ணி விட்டுத்தானே மாத்துவேன், நீ ஒரு நாள்கூடப் பாத்ததில்லயா?"

பார்த்ததில்லை. குடுவையைக் கழுவுகிறாள் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"அத்தை, நீங்க இனிமே எதுலயும் கைய வெக்காதீங்க."

"வெக்கல தாயி."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு இவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். குரல் ஒரு இடத்திலும் கம்மவில்லை. பாதியில் யாரோ பக்கத்து சீட்டில், "யாருக்குடி உடம்பு சரியில்ல?" என்று கேட்க, "எங்க ஜி.எம்.முக்கு" என்றாள். யாரோ ஒரு பெண் சிரித்த சத்தமும் கேட்டது. கோயம்புத்தூரில் அவளோடு சேர்ந்து பஸ் ஏற ஒரு தோழி இருக்கிறாள் என்பதே எனக்குச் செய்தி.

சொன்னதை எல்லாம் சொன்ன வரிசையில் செய்தேன். டி.எம். தண்ணீரைக் கணவர் மொண்டு மொண்டு கொண்டுபோய்க் கேன்களிலேயே திரும்ப ஊற்றினார், கார் பேட்டரிக்கு ஆகும் என்று. குழாய்த் தண்ணீரை நான் குடம் குடமாகத் தொட்டிக்கு மாற்றினேன். அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தார். விளக்கை அணைத்த பிறகு, "நீ என்னா சொல்லியிருப்ப அவகிட்ட?" என்று கேட்டார். "நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன் அண்ணி" என்றேன். "தெரியும்" என்றார்.

அண்ணி ரிட்டயராகி இப்போது திருவதிகையில் சொந்த வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டு போர் தண்ணீர் படு உப்பு. குழாய், வாளி, தரை எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க விரட்டியதெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து வந்து தன் வீட்டில் குடியேறிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். போன மாதம் போயிருந்தபோது, நான் வினிகர் பாட்டிலை எடுத்தேன். "கெடக்கட்டும் வுடும்மா" என்றார். தப்பு செய்தவர்கள் தங்கள் தப்பைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்றும் சேர்க்கவில்லை. அவரைப் பற்றி எதை நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது, போனை வாங்க நீண்ட அந்த எண்ணெய்க் கைதான்.

திங்கட்கிழமை விடியும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. மகளை அழைத்துவரக் கணவர் ஸ்கூட்டரில், பஸ் நிற்கும் ஆர்ச் கேட்டுக்குப் போயிருந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன். வாளியைப் பார்க்கத் துணிவில்லாமல் அண்ணியைத் தொட்டு எழுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான் அப்பவே பாத்துட்டேன். நேரா நிக்குது. போய்ப் பாரு."

பார்த்தேன். வாளியின் அடியில், தொப்பை கீழே, முதுகு மேலே, இருக்க வேண்டிய மாதிரி ஜி.எம். நின்றுகொண்டிருந்தது. துடுப்புகள் விரிந்திருந்தன. என்னைக் கண்டதும் தீனி என்று நினைத்து மேலே வந்தது. சாப்பாடு போடக் கூடாது என்று மகள் சொன்னது நினைவுக்கு வர, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மகள் நனைந்துகொண்டே வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் வாளிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு வாளியில் கொஞ்சம் ஊற்றினாள். காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். யாரும் உதவப் போகவில்லை. கடைசியில் வாளியையே தொட்டிக்குள் மெல்லச் சாய்த்தாள். ஜி.எம். தானாக வெளியே நீந்தி, நீளத்தை ஒருமுறை அளந்துவிட்டு, ரவுண்ட்ஸ் தொடங்கியது.

அவள் கண்ணாடியில் மூக்கை வைத்தபடியே சொன்னாள். "கண்ணாடி சூப்பரா இருக்கு அத்தை. அம்மா, நான் போனப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசி தண்ணி மட்டும் மாத்து. வெள்ள ஏறினா ஏறட்டும். லீவுக்கு வர்றப்ப நான் தேச்சுக்கறேன்."

நான் போனப்புறம் என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். அண்ணி கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டார்.

"சரி" என்றேன். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்துப் பால் வைத்தேன்.